தேவனாம்பட்டினத்துக் கடற்கரை

கோடை விடுமுறை வந்துற்றால் நம் நாட்டுக் குடும்பத்தார் மலையையேனும் கடலையேனும் நாடிச் செல்லுதல் வழக்கம். மலைக்குச் செல்லப் பொருள் மிக வேண்டும். தங்குமிடத்துக்கு முன்னரே சொல்லிவைத்தலும் வேண்டும். கடலுக்கோ பேருந்துக் கட்டணமும், ஒரு தூக்கில் புளிச்சோறும், நனைந்தபின் மாற்றுதற்குக் குழந்தைகட்கு ஓர் உடையும் இருப்பின் போதும். பழைய தென்னார்க்காட்டு மாவட்டத்தார்க்கு அத்தகைய எளிய இன்பத்தை அளித்து வருவது, கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துக் கடற்கரையாகும். 'சில்வர் பீச்' என்று கூறினாலன்றி இந்நாளில் வழிசொல்வார் அரியர்.

சென்ற விடுமுறையில் யாமும் எம்முடன் தமிழ் பயிலும் மாணாக்கர் நால்வரும் இரண்டு நாட்பயணமாகப் புறப்பட்டு, முதல்நாள் கடலூரும், மறுநாள் சிதம்பரமும் அதனை அடுத்த பிச்சாவரமும் கண்டு மீண்டோம். விளையாட்டாகவே புறப்பட்டோம் என்பதை மறைப்பதற்கில்லை. ஆயின் அக்கரையின் வரலாற்றை உசாவப் புகுந்த பின்னர், யாம் காலடி வைத்த மணலே எமக்கு வேறாகத் தோன்றிற்று. அவ்வாறு தோன்றுதற்குக் காரணமானவற்றை ஈண்டு எழுதுகின்றோம்.

முதற்கண் ஊர்ப்பெயர். கடலை அடுத்துள்ளமையால் கடலூர் எனப் பெயர்பெற்றது போலும் என்றே யாமும் எண்ணியிருந்தோம். கூடலூர் என்பதே பழம்பெயர் என்பர். கெடிலமும் தென்பெண்ணையும் பரவனாறும் உப்பனாறும் இப்பகுதியில் கடலோடு கூடுதலின் அப்பெயர் பொருந்துவதே. ஆங்கிலேயர் அதனைத் தம் வாய்க்கேற்பக் 'கட்டலூர்' என்றனர். தேவனாம்பட்டினமோ அவர்தம் பழைய ஏடுகளில் 'தெக்னபட்டம்' எனக் காணப்படுகின்றது. பட்டினம் என்பது கடற்கரை ஊர்க்குரிய பெயர் என்பதை நம் மாணாக்கர் அறிவர். புகைவண்டியிற் செல்வோர் திருப்பாதிரிப்புலியூர் நிலையத்தில் இறங்குதல் நன்று. கடற்கரை அங்கிருந்து அணித்தே. துறைமுகச் சந்திப்பில் இறங்கினால் முதுநகர்க்குத்தான் செல்லலாகும்.

மாலை நான்கு மணியளவில் யாம் சென்றபொழுது கடற்கரையிற் கூட்டம் நிறைந்திருந்தது. கெடிலத்தின் கழிமுகத்தருகே அகன்று கிடக்கும் மணற்பரப்பு அது. சுண்டல் விற்போரும், மிளகாய்ப்பொடி தூவிய மாங்காய்க் கீற்று விற்போரும், குதிரையேற்றிக் காசு பெறுவோரும் குடும்பங்களின் இடையிடையே புகுந்து திரிந்தனர். அலைக்கு அஞ்சித் தந்தையின் தோளை இறுகப் பற்றிய குழந்தை ஒன்று, சற்றைக்கெல்லாம் இறங்க மறுத்து நீரிலேயே நின்று அழுதது. காணும் பொங்கலன்றும் மாசி மகத்தன்றும் இங்கு நிற்கவும் இடங்கிடையாது. மாசி மகத்தில் சுற்றூர்த் தெய்வங்களெல்லாம் தீர்த்தவாரிக்கு எழுந்தருளுவது இக்கரைக்கே. நீராடுவோர் ஒன்றை மட்டும் கருத்திற் கொள்ளுதல் வேண்டும். கரையையொட்டி இங்குக் கடல் அமைதியாகத் தோன்றினும், மீளும் அலை காலடி மணலை வாரிக்கொண்டு செல்லும். நீந்த அறிந்தோம் என்னும் செருக்கால் உயிரிழந்த இளைஞர் பலர்.

கூட்டத்தினின்று சிறிது விலகி நடந்தால் படகுகளும் வலைகளும் கிடக்கும் இடம் வருகின்றது. ஏப்பிரல் 15-ஆம் நாள் தொடங்கி ஜூன் 14-ஆம் நாள் முடிய 61 நாட்கள், மீன்கள் இனம்பெருகும் பொருட்டு, விசைப்படகுகள் கடலிற் செல்லலாகாது என்பது அரசினர் ஆணை. ஆதலின் நாம் விடுமுறை கொண்டாடும் அந்நாட்களே அப்படகுகளிற் கூலிக்குச் செல்லும் வலைஞர்க்கு வருவாயற்ற நாட்களாகும். நாட்டுப்படகுடையார் மட்டும் அணுக்கக் கடலிற் சென்று மீள்கின்றனர். இதனை யாம் அங்குச் சென்ற பின்னரே அறிந்தோம்.

நிற்க. இக்கரை ஆங்கிலக் கும்பினியார் கைக்கு வந்த வரலாறு விந்தையானது. 1608-ஆம் ஆண்டளவிலேயே ஒல்லாந்தர் செஞ்சி நாயக்கரிடம் இசைவு பெற்று ஈண்டு வாணிகம் தொடங்கினர். 1677-இல் செஞ்சி மராட்டிய மன்னர் சிவாஜியின் வசமாயிற்று. அவர் மைந்தர் இராசாராமர் மொகலாயப் படையால் நெருக்குண்டு செஞ்சிக்கோட்டையில் தங்கியிருந்த காலத்து, பொருள் முட்டுப்பாடு மிகுந்தமையால், தேவனாம்பட்டினத்திலிருந்த சிறு கோட்டையை விற்க உடன்பட்டார். சென்னையில் கும்பினியின் ஆளுநராயிருந்த எலிகு ஏல் என்பார் 1690-இல் அதனை விலைக்கு வாங்கினார். அவர் வேல்சு நாட்டு வழியினர். ஆதலின் அந்நாட்டார் போற்றும் புனித தாவீதின் பெயரைக் கோட்டைக்கு இட்டார் என்பர். செயின்ட் டேவிட் கோட்டை என வழங்குவது இதுவே. (அமெரிக்காவிலுள்ள ஏல் பல்கலைக்கழகமும், அவர் அனுப்பிய பொருளுதவியை முன்னிட்டு 1718-இல் அவர் பெயரைப் பெற்றது. சோழமண்டலக் கரையில் ஈட்டிய பொருள் எத்துணைத் தொலைவு சென்று கல்வி வளர்த்தது என்பதைக் கல்லூரி மாணாக்கராகிய நாம் எண்ணிப் பார்க்கலாம்.)

விந்தை கோட்டையில் இல்லை; கோட்டையோடு விற்கப்பட்ட நிலத்தில் உள்ளது. அந்நிலத்துக்கு எல்லை யாதெனின், கோட்டையினின்று வெடிக்கும் பீரங்கியின் குண்டு எவ்வளவு தொலைவு சென்று விழுமோ அவ்வளவு தொலைவும் என்று உடன்படிக்கையாயிற்று. கும்பினியார் வாணிகர் அல்லரோ? நெடுந்தொலைவு எறியவல்ல பீரங்கியைத் தேர்ந்தனுப்பினர்; கைதேர்ந்த வெடிகாரன் வேண்டும் என்பதிலும் கருத்தாயிருந்தனர். 1690 செப்டம்பர் திங்களில் பீரங்கி பல திசையும் நோக்கி வெடிக்கப்பட்டது. குண்டு விழுந்த இடத்துக்கு உட்பட்ட ஊர்களெல்லாம், கடலூர் நகரமும் உள்ளிட, கும்பினியார்க்கு உரியவாயின. அவ்வூர்கட்குக் 'குண்டு கிராமம்' என்னும் பெயர் பின்னும் நெடுங்காலம் வழங்கிற்று.

இச்செய்தியைப் படித்த பொழுது எமக்கு நினைவுக்கு வந்தவை, வகுப்பிற் பயின்ற சோழர் செப்பேடுகள். ஓர் ஊரைத் தானஞ் செய்யுங்கால் பிடியானை ஒன்றனை அதன் எல்லை வழியே நடத்திச் செல்வர், நாட்டார் உடன்செல்வர், யானை சென்ற வழியிற் கல்லும் கள்ளியும் நாட்டுவர், பின்னர் இன்ன வாய்க்காலுக்கு மேற்கு, இன்னார் நிலத்துக்கு வடக்கு என நான்கெல்லையும் விரித்தெழுதுவர். அம்முறையிலும் உழுகுடிகளின் விருப்பத்தை வினவினர் என்று சொல்லத் துணியோம். எனினும் நிலத்தை அறிந்தவன் ஒருவனேனும் அந்நிலத்தின்மேல் நடந்தான். 1690-இல் நடந்தவர் எவருமிலர். குண்டு வானத்திற் சென்றது. அது விழும் ஓசை கேட்ட உழவன், தன் ஆண்டை மாறியதைப் பின்னர்ப் பிறர் சொல்லக் கேட்டிருப்பான்.

கோட்டையின் பிற்கால வரலாற்றைச் சுருங்கச் சொல்வோம். 1746-இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைக்கொண்டபொழுது, இக்கோட்டையே கும்பினியார்க்குத் தலைமையிடமாகி 1752 வரை அவ்வாறு நின்றது. டூப்ளே பன்முறை முயன்றும் இதனைப் பெற்றிலர். சென்னையினின்று தப்பியோடிய இராபர்ட்டு கிளைவ் என்னும் இளைய எழுத்தர் புகலடைந்தது இங்கேதான். 1756-இல் அவரே இதற்குத் துணை ஆளுநராய் வந்தார். 1758 ஜூன் திங்களில் லாலி என்னும் பிரெஞ்சுத் தளபதி கோட்டையைப் பிடித்து இடித்துத் தகர்த்தனர். இன்று எஞ்சியவை சில சிதைவுகளே. கடற்கரையில் வலை செப்பனிட்டுக்கொண்டிருந்த முதியவர் ஒருவரை யாம் அணுகி, "கோட்டை எங்கே ஐயா?" என்று வினவினோம். "எந்தக் கோட்டை, தம்பி?" என்று அவர் எம்மையே திருப்பி வினவினார்.

ஆயினும் 1783-ஆம் ஆண்டைச் சொல்லாது விடல் இயலாது. முந்திய ஆண்டிற் பிரெஞ்சுக்காரரும் மைசூர்ப் படையினரும் கடலூரைக் கவர்ந்திருந்தனர். அதனை மீட்க ஜேம்ஸ் ஸ்டூவர்ட் என்னும் தளபதி தரைவழி வந்து முற்றுகையிட்டார். உள்ளே இருந்து எதிர்த்தவர் புஸ்ஸி. ஜூன் 13-ஆம் நாள் நடந்த போரில் இருதிறத்தும் மடிந்தாரும் புண்பட்டாரும் மிகப் பலர். ஜூன் 20-ஆம் நாள் சஃப்ரான் என்பாரின் 15 பிரெஞ்சுக் கப்பல்களும் ஹியூஸ் என்பாரின் 18 ஆங்கிலக் கப்பல்களும் இக்கடலில் ஒன்றையொன்று சுட்டன. அத்திங்கள் இறுதியிற் சென்னையினின்று ஒரு செய்தி வந்தது: ஐரோப்பாவில் இரு நாட்டார்க்கும் உடன்பாடு முடிந்துவிட்டது. முடிந்த நாள் 1783 சனவரி 20. சமாதானம் செய்துகொண்ட இருவர், அதனை அறியாமல், ஐந்து திங்கள் கழித்து இக்கரையில் ஒருவரையொருவர் கொன்றனர். கப்பல் வந்து சேரும் வேகமே செய்தி வந்து சேரும் வேகமாக இருந்த காலம் அது. அப்போரில் இறந்த சிப்பாய்களுட் பலர் இந்நாட்டினர். அவர்கட்கு இங்கிலாந்தேது, பிரான்சேது?

கிறிஸ்தவ மாணாக்கராகிய எம்மை இக்கடலூரிற் பெரிதும் நின்று சிந்திக்க வைத்தது, போரன்று, ஒரு தேவாலயம். ஹாலே நகரினின்று அனுப்பப்பெற்ற சுவீடன் தேசத்தவராகிய கீர்நாந்தர் ஐயர் 1740-இல் கடலூர் வந்து, 18 ஆண்டுகள் பள்ளியும் சபையும் நடத்தினார். லாலி கடலூரைப் பிடித்தபின் கல்கத்தா சென்று அங்குப் பெயர்பெற்ற பழைய மிஷன் ஆலயத்தைக் கட்டினவரும் அவரே. அவருடைய உழைப்பை நாம் நன்றியோடு நினைத்தல் தகும். ஆயின் 1749-இல் நிகழ்ந்ததையும் மறைத்தல் தகாது. கத்தோலிக்கக் குருமார் பிரெஞ்சுக்காரர்க்கு உளவாயினர் என ஐயுற்ற ஆங்கில அதிகாரிகள், அவர்களை வெளியேற்றி, அவர்களுடைய கோயிலைக் கீர்நாந்தரிடம் ஒப்பித்தனர். அதற்குக் கிறிஸ்துநாதர் ஆலயம் என்று புதுப்பெயர் இடப்பட்டது. அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை வரை அங்கு முழந்தாட்படியிட்ட வலைஞரும் கூலியாட்களும் மறுவாரம் எங்குச் சென்றனர்? சபைச் சரித்திரங்களில் அந்த நாள் ஒரு வெற்றியாகவே எழுதப்பட்டிருக்கக் காண்கிறோம். எமக்கு அஃது அங்ஙனம் தோன்றவில்லை.

அதே ஊரின் மற்றோர் எல்லையில் இதனினும் பழைய நிகழ்ச்சியொன்று உண்டு. திருப்பாதிரிப்புலியூர் முற்காலத்திற் சமணர்க்குப் பெரிய கல்வியிடமாய் விளங்கிற்று. 'லோகவிபாகம்' என்னும் சமண நூல், காஞ்சியை ஆண்ட சிம்மவர்மனின் 22-ஆம் ஆட்சியாண்டில், சகம் 380-இல், அஃதாவது கி. பி. 458-இல், பாடலிகை என்னும் இவ்வூரில் இயற்றப்பட்டதென அந்நூலே குறிக்கின்றது. திருநாவுக்கரசர் சமணத்தில் தருமசேனராய் இருந்ததும், பின் சைவராகி, பல்லவ மன்னனாற் கல்லிற் கட்டிக் கடலில் எறியப்பட்டு, அக்கல்லே தெப்பமாகக் கரையேறியதும் இவ்விடம் என்பது பெரியபுராணச் செய்தி. அவர் கரையேறியதாகக் கூறப்படும் ஊர் இன்றும் கரையேறவிட்டகுப்பம் என வழங்குகின்றது. பின்னர் அம்மன்னனும் சைவனாகிப் பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியை இடித்து, அக்கற்களைக் கொண்டு திருவதிகையிற் குணபரவீச்சுரம் என்னும் கோயிலெடுத்தான் என்று சேக்கிழாரே பாடுகின்றார்.

நாவுக்கரசரின் பாடலை வகுப்பில் ஓதும்பொழுதெல்லாம், அரசன் ஆணைக்கு அஞ்சாத அவர் உறுதியை எண்ணி எம் உள்ளம் உருகுவதுண்டு. கடலில் வீசப்பட்டவர் பக்கமே எம் மனம் நின்றது. ஆயின் இடிக்கப்பட்ட பள்ளியின் பக்கமும், பூட்டு மாற்றப்பட்ட கோயிலின் பக்கமும் நிற்க எவரும் எமக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. எம்முடன் வந்தவருள் ஒருவர், "பழங்கதையை இன்று எடுத்துப் பேசுவானேன்?" என்றார். முதுநகரினின்று திரும்பும் வழியெல்லாம் இது குறித்தே சொல்லாடினோம், உடன்பாடு எய்தினோமில்லை.

இருள் வருமுன் மீண்டும் கடற்கரையை அடைந்தோம். கோட்டையை அறியாத அம்முதியவர் வேறொன்றை நன்கறிந்திருந்தார். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாள். மார்கழி முழுமதி நாளும் அதுவே. சுமத்திரைத் தீவையடுத்துக் கடலடியில் நிலம் பெயர்ந்து எழுந்த பேரலை, ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்தில் வங்கக் கடலைக் கடந்து வந்து இக்கரையில் மோதிற்று. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். தேவனாம்பட்டினமும் பெரிதும் அழிவுற்றது. தண்ணீர் கன்னங்கரேலென்று சுவர்போல் எழுந்து வந்தது என்று முதியவர் சொன்னார். தம் பழைய வீடு நின்ற இடத்தைக் கைநீட்டிக் காட்டினார். அங்கே இப்பொழுது இரு சக்கர வண்டிகள் நிறுத்தப்பட்டிருந்தன. அவர் குடும்பம் உள்ளே தள்ளிக் கட்டிய குடியிருப்பில் வாழ்கின்றது. படகு மட்டும் கரையில் உள்ளது. "யாரை இழந்தீர்கள்?" என்று கேட்க எமக்கு நா எழவில்லை. அவரும் சொல்லவில்லை.

இரண்டரை மணி நேரம் என்பது சிறிதன்று. 1783-இற் கப்பலுக்காகக் காத்திருந்த காலம் போய், நொடியிற் செய்தி செல்லும் காலம் வந்தும், இந்துமாக் கடலில் எச்சரிக்கை செய்யும் அமைப்பு அன்று இருந்திலது. 2007-இலேதான் ஐதராபாத்தில் அதற்கென ஒரு நிலையம் நிறுவப்பட்டது. 2011 டிசம்பர் 30-இல் 'தானே' புயல் கடலூர்க்கும் புதுவைக்கும் இடையே கரைகடந்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. அதனை முன்னறிந்து மக்களை அப்புறப்படுத்த முடிந்தது.

மறுநாட் காலை சிதம்பரம் சென்றோம். ஆடவல்லான் கோயிலின் பெருமையை எழுதப் புகின் இவ்விதழ் முழுதும் போதாது. நம் நேயர் அறியாததுமன்று. குண்டின் கதையோடு தொடர்புடைய ஒன்றை மட்டும் குறிப்போம். 1781-இல் ஐதர் அலியின் படையினர் இக்கோயிலையே கோட்டையாகக் கொண்டிருந்தனர். ஜூன் 18-ஆம் நாள் ஆங்கிலத் தளபதி அயர் கூட் இதனைத் தாக்கித் தோற்றுப் பின்வாங்கினார். ஜூலை முதல் நாள் பரங்கிப்பேட்டையிலேதான் அவர்க்கு வெற்றி கிட்டிற்று. தேவனாம்பட்டினத்தில் வெடித்த பீரங்கியின் வழித்தோன்றல்கள் கூத்தப்பெருமான் மதிலையும் விட்டுவைத்தில.

சிதம்பரத்தின் பழம்பெயர் தில்லை. தில்லை என்பது ஒரு மரத்தின் பெயர் என்பதை நிகண்டிற் படித்திருந்தோம், மரத்தைக் கண்டதில்லை. நகரில் அதனைத் தேடுதல் வீண். கோயிலைச் சூழ ஒருகாலத்து அடர்ந்திருந்ததாகச் சொல்லப்படும் அம்மரத்தைக் காண்பதற்குக் கிழக்கே பிச்சாவரம் செல்லுதல் வேண்டும். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட கழிகளில் ஏறத்தாழ 1100 ஹெக்டேர் பரப்பில் விளங்கும் காடு அது. ஆங்கிலேயர் காலந்தொட்டு 1970-ஆம் ஆண்டுகள் வரை முறைவைத்து மொட்டையடித்தமையால், வெட்டிய இடத்தில் நிலம் தாழ்ந்து, நீர் தேங்கி உவர் மிகுந்து, மரம் மீண்டும் முளையாதாயிற்று. பின்னர் வனத்துறையினரும் சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தாரும் ஊர்மக்களும் கூடி, மீன்முள் வடிவிற் கால்வாய்கள் வெட்டி, கடல்நீர் ஏறியிறங்க வழிசெய்து நாற்று நட்டனர். காடு மீண்டது. அலையாத்தி என மக்கள் இதற்கு வழங்கும் பெயர் வெறும்பெயரன்று. ஆழிப்பேரலையின்போது, மணற்கரையில் வெளிப்பட நின்ற குப்பங்கள் அழிய, இக்காட்டின் பின்னின்ற ஊர்கள் சிறு சேதத்தோடு தப்பின. 2005-இல் 'சயன்ஸ்' என்னும் இதழில் அறிஞர் சிலர் இதனை எழுதினர். காட்டினும், மேட்டு நிலமும் கடலினின்று விலகியிருந்தமையுமே காரணம் என்று மறுத்துரைத்தாரும் உளர். எம் படகோட்டிக்கு இவ்வாராய்ச்சியில் ஐயமில்லை. காடே காத்தது என்றார்.

சுரபுன்னையின் வேர்கள் விழுதுபோல் நீரில் ஊன்றி நிற்க, அவற்றினூடே படகு சென்றது. எம்.ஜி.ஆர். நடித்த 'இதயக்கனி' இங்கு எடுக்கப்பட்ட கதையை எல்லார்க்கும் போல எமக்கும் படகோட்டி சொன்னார். தில்லை மரம் எதுவென்று வினவினோம். சற்று உயர்ந்த கரையோரத்தில், பளபளக்கும் இலையோடு, பெருமையொன்றுமின்றி நின்ற மரத்தைச் சுட்டினார். எம் கல்லூரித் தாவரநூல் ஆசிரியர்க்குக் காட்டுதற்பொருட்டு ஒரு சிறுகிளை ஒடிக்க எம்முள் ஒருவர் கைநீட்டினார். படகோட்டி துடுப்பால் அக்கையைத் தடுத்து, "வேண்டாம் தம்பி, அதன் பால் கண்ணிற் பட்டால் பார்வை போய்விடும்" என்று சொல்லிப் படகை அப்பால் திருப்பினார்.